ஒரு பந்தும் விழாத ஆட்டம்

ஆங்கெலெஸ்,
12 ஜனவரி 1997

அன்புள்ள அச்சி பெட்டாங்,

இமாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி மரிலுவும் நானும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறோம். உன் பங்குக்கு நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி கிறிஸ்துமஸ் கழிந்துதான் வந்தது. சோப்புகளை இமா யாருக்கும் தராமல் அலமாரியில் துணிக்கு நடுவே வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் விருந்தில் வழக்கம்போல் உனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மூன்றாவது வருஷமாக அந்தத் தட்டுச் சோற்றையும் நான்தான் தின்கிறேன். “பெட்டி வருது, நான் பெத்த பொண்ணக் காணோம். அங்க எவனாவது அரபு ஷேக்கக் கட்டிக்கிட்டாளோ என்னவோ” என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. பில்லியர்ட்ஸ் ஆடிப் பிழைக்கிற எங்களுக்கு ஒரு சங்கம் வந்திருக்கிறது. பாஸ் அர்செனியோ நடத்தும் போட்டிகளில்தான் நாங்கள் எல்லாரும் ஆடுகிறோம், உனக்குத் தெரியும். பரிசில் பாதி அவருக்கு. இந்த வருஷம் புதிதாக ஓர் ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்துப் போட்டவன் ஒரு வருஷம் வேறு யார் போட்டியிலும் ஆடக் கூடாதாம். அவர் கூப்பிடாவிட்டால்? பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாங் ஓஸ்திங்கின் சாப்பாட்டுக் கடையில் இருபது பேர் கூடினோம். மாங் ஓஸ்திங் தலைவர். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சாம்பியனாக இருந்தவர் அவர்தான்; இப்போது உடம்பெல்லாம் சர்க்கரை, ஆனாலும் பாயசத்தை விடுவதில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். செயலாளர் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ வேறு எதை எழுதாவிட்டாலும், எப்போது வருகிறாய் என்பதை எழுது.

உன் தம்பி,
கிளேத்தோ


தம்மாம்,
21 பிப்ரவரி 1997

தம்பி கிளேத்தோ,

இமாவின் கையை எடுத்து என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கியதாக அவளிடம் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. விரல் நுனிதான் மரத்துக் கிடக்கிறது. பெருநாளுக்கு முந்தின மாதம் முழுக்கக் கல்யாண கவுன்களில் மணி தைத்தோம். இப்போது பெருநாள் முடிந்தது, கல்யாணங்கள் முடியவில்லை.

சிரிக்காதே என்றாய். சிரித்துவிட்டேன். அடே, கரும்பாலையில் சங்கம் கேட்டிருக்கிறேன், ஜீப்னி ஓட்டுகிறவர்களுக்குச் சங்கம் கேட்டிருக்கிறேன். பந்து அடிக்கிறவனுக்குச் சங்கமா? நீங்கள் ஆடாவிட்டால் யாருக்கு நஷ்டம்? அரிசி வராதா, பஸ் ஓடாதா? பாஸ் அர்செனியோ நாளைக்கே தெருவில் போகிற நாலு பையன்களைப் பிடித்துக் கோலைக் கையில் கொடுப்பார். உனக்குக் கோபம் வருகிறது என்று தெரிகிறது. உன் முதல் கோலை வாங்கித் தந்தவள் நான். எனக்குக் கேட்க உரிமை உண்டு.

அந்த மாங் ஓஸ்திங்கைப் பாயசம் சாப்பிடாமல் இருக்கச் சொல்.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். பார்க்கலாம். இமாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உங்கள் எல்லாரையும் நினைத்தபடி,
பெட்டாங்


ஆங்கெலெஸ்,
16 மார்ச் 1997

அன்புள்ள அச்சி,

வெயில் ஏறிவிட்டது. இமா முற்றத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களை விசாரிக்கிறாள். சுகமாகத்தான் இருக்கிறாள். உன் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள்.

லீவு விஷயத்தை இமாவிடம் சொல்லிவிட்டேன். நாக்கு நிற்கவில்லை. உன் அறையைக் கழுவிவிட்டாள்.

நாங்கள் ஆடாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். அந்தக் கேள்வியை அப்படியே கூட்டத்தில் வாசித்தேன். அப்புறம் மாங் ஓஸ்திங், “ஜூன்ல மணிலாவுல பாஸ் பெரிய போட்டி வைக்கிறாரு. டிவில நேரடியா காட்டப் போறாங்க. தெருப் பையன வச்சா காட்டுவாரு?” என்றார். அதன் பிறகுதான் எங்களுக்கே புரிந்தது. ஒப்பந்தத்தை மாற்றாவிட்டால் ஜூன் போட்டிக்கு ஒருவரும் போவதில்லை என்று கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். அதற்கு முன்னால் சங்கத்துக்குப் பெயர் வைப்பதிலேயே இரண்டு கூட்டம் போய்விட்டது. இன்னும் பெயர் இல்லை.

விஷயம் பாஸ் காதுக்கு எட்டிவிட்டது. புதன்கிழமை நான் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். கோபமே இல்லை.

“கிளேத்தோ, ஜப்பான் போனப்போ உனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தந்தது யாரு?”

“நீங்கதான் பாஸ்.”

“பெறகு ஏண்டா எனக்கு எதிரா நிக்கிறே?”

“உங்களுக்கு எதிரா இல்ல பாஸ். ஒப்பந்தத்துக்கு எதிராத்தான்.”

“ஒப்பந்தம் வேற, நான் வேறயா?” என்று கேட்டார். ஸ்வெட்டர் நல்ல ஸ்வெட்டர்தான், அச்சி. அவர் கெட்டவரா நல்லவரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மரிலு கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கிளேத்தோ


தம்மாம்,
18 ஏப்ரல் 1997

தம்பி கிளேத்தோ,

உங்கள் எல்லாருக்கும் கர்த்தர் துணை. எனக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். தெளிவாகப் பதில் எழுது, ஸ்வெட்டர் கதையெல்லாம் வேண்டாம். இருபது பேரும் சத்தியம் செய்தீர்கள், சரி. அதில் ஒருத்தன் முதலில் நழுவினால் என்ன செய்வதாக ஏற்பாடு? வீட்டில் வயதான தாய் இருக்கிறவனுக்கும் ஒண்டிக்கட்டைக்கும் பயம் ஒரே அளவா? முதலாளியிடம் யார் பேசுவது, தலைவரா, எல்லாருமா? ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டினால் அவர் வந்து மற்றவர்களிடம் சொல்வாரா, மறைப்பாரா? மறைத்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

இமாவிடம் அந்த அறையைப் பூட்டி வைக்கச் சொல், தூசி படியும்.

சீக்கிரம் எழுது.

பெட்டாங்


ஆங்கெலெஸ்,
12 மே 1997

அன்புள்ள அச்சி,

இங்கே யாரும் படுக்கையில் இல்லை, நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கடிதத்தின் வேகத்திலிருந்து தெரிகிறது. போலீஸ்காரி மாதிரிக் கேட்கிறாய்! முன்னே சிரித்தவள்தானே நீ?

ஈஸ்டர் வந்தது, போனது. இமா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு திட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும். உனக்குப் பணம் பெரிதாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்குக்கூட வாய் திறக்கவில்லை. லீவு என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், எதற்கும் ஏற்பாடு இல்லை. பாஸ் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துவருகிறார். என்னிடம், “ஓஸ்திங்கே கையெழுத்துப் போட்டுட்டான். நீ மட்டும் ஏண்டா முட்டாளா நிக்கிறே?” என்றார். நான் நேராக மாங் ஓஸ்திங்கிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீ போட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னாரேடா” என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தோம். மறைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்டாயே, தெரியாது அச்சி. அதுதான் பதில்.

நான் மட்டும் போக மாட்டேன். அந்தக் கட்டடத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன். மற்றவர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கேள்வியெல்லாம் உனக்கு எதற்கு?

கிளேத்தோ


தம்மாம்,
13 ஜூன் 1997

என் தம்பி கிளேத்தோ,

நீ எழுந்து உட்காரும் நிலையில் இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். உன்னால் படிக்க முடியாவிட்டால் மரிலு இதைப் படித்துக் காட்டட்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் தையல்கடை வேன் எங்களை அல்கோபர் கூட்டிப்போனது. நம் ஊர்க்காரர் சாப்பாட்டுக் கடையில், பெண்கள் பக்கத்தில் ஒரு டிவி உண்டு. பன்சித் நூடுல்ஸ் வந்த நேரம் திரையில் நீ! கறுப்பு வெயிஸ்ட்கோட்டு, தலையில் படிய எண்ணெய். “என் தம்பி, என் தம்பி!” என்று கத்திவிட்டேன். என்னோடு தைக்கிற பெண்கள் எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஆட்டம் தெரியாதவர்களுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். பாருங்கள், சிறிய எண்ணுள்ள பந்திலிருந்து வரிசையாக அடிக்க வேண்டும், இவனுக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும் என்றேன்.

அப்புறம் நீ அடித்தாய். பந்து கைக்கெட்டும் தூரத்தில், குழியின் வாயில் நின்றது. உன் வெள்ளைப் பந்து எங்கோ போய் மேசை ஓரத்தில் முட்டி நின்றது. மறுபடியும் அப்படியே. மறுபடியும். எங்கள் மேசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு வாதம் வந்தபோதும் முதலில் கரண்டிதான் நழுவியது, உனக்கு நினைவிருக்கிறதா? உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதைத் தொடையில் தேய்த்தாய். எதிரே மாங் ஓஸ்திங்கும் ஒன்றையும் தொடவில்லை. உனக்காக இரங்கி அடிக்காமல் விடுகிறாரோ என்று நினைத்தேன். திடீரென்று பற்பசை விளம்பரம் போட்டார்கள். அதன் பிறகு கால்பந்து.

தையல்கடை டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வெளியே போய்ப் பேச நேரம் தரவில்லை, வேன் கிளம்பிவிட்டது. உனக்கு என்ன ஆயிற்று? போக மாட்டேன் என்று எழுதினவன் அங்கே எப்படி நின்றாய்? டாக்டரிடம் காட்டினாயா? வாய் கோணுகிறதா என்று மரிலு பார்க்கட்டும்.

அழுதுகொண்டே எழுதுகிறேன்,
உன் அச்சி


ஆங்கெலெஸ்,
16 ஜூன் 1997

அன்புள்ள அச்சி,

நாங்கள் எல்லாரும் உயிரோடும் முழு உடம்போடும் இருக்கிறோம். ஆனால் நடந்ததைச் சொன்னால் நீ என்னைப் பைத்தியம் என்பாய்.

வெள்ளிக்கிழமை மணிலாவில் போட்டி. எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, வருகிறார்கள் என்று மத்தியானம் பாஸின் ஆள் வந்து சொன்னான். போய்ப் பார்த்துவிடலாம், யார் யார் துரோகி என்று தெரிந்துவிடும் என்று பஸ் ஏறினேன். பின்வாசல் வழியாக உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால், அங்கே மற்ற பத்தொன்பது பேரும் நிற்கிறார்கள். எல்லாரும் வெயிஸ்ட்கோட்டில்.

மாங் ஓஸ்திங்தான் முதலில் கேட்டார்: “நீ ஏண்டா வந்தே?”

“எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. பாக்க வந்தேன். நீங்க?”

“நானும் பாக்கத்தான் வந்தேன்.”

“டையெல்லாம் கட்டிக்கிட்டா பாக்க வருவீங்க?”

“நீ கோலத் தூக்கிக்கிட்டுப் பாக்க வரலியா?”

எல்லாருக்கும் ஷூ லேஸ் கட்டுகிற வேலை வந்துவிட்டது. சங்கம் அந்த அறையிலேயே செத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குள் முதல் ஆட்டத்துக்கு என் பெயரையும் மாங் ஓஸ்திங் பெயரையும் அழைத்துவிட்டார்கள்.

விளக்கு, கேமரா, நிரம்பிய கூட்டம். முதல் அடியில் பந்துக் குவியலை நான் உடைத்தேன். பந்துகள் சிதறின, ஒன்றும் விழவில்லை. மாங் ஓஸ்திங் எழுந்து வந்தார். ஒன்றாம் எண் பந்து மூலைக் குழியின் உதட்டில் இருந்தது. இமாகூடப் போட்டுவிடுவாள். அவர் குனிந்து, வெள்ளைப் பந்தை மெல்லத் தட்டினார். அது எதையும் தொடாமல் போய் ஓரத்தில் நின்றது. ஃபவுல். நடுவர் வெள்ளைப் பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம்.

நான் அவரைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை ஏறிவிட்டதா? கண் மங்கிவிட்டதா? ஒன்றும் புரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எதையும் முடிவு செய்யவில்லை. பந்தை வைத்தேன், குனிந்தேன், என் கை அதையும் அவர் அனுப்பிய அதே ஓரத்துக்கு அனுப்பியது. ஃபவுல். கை வியர்த்துவிட்டது, தொடையில் துடைத்துக்கொண்டேன். அவர் வந்தார், மறுபடி அதே தட்டு. நானும். மூன்று ஃபவுல் தொடர்ந்து போட்டால் ஆட்டம் எதிராளிக்கு. அவர்தான் ஃபவுலை முதலில் தொடங்கியவர், அதனால் முதல் ஆட்டம் எனக்கு. அடுத்து அவர் உடைத்தார், நான் தொடங்கினேன், அது அவருக்கு. ஒரு பந்தும் குழிக்குள் போகாமல் ஒன்றுக்கு ஒன்று.

பந்தயம் கட்டியவர்கள்தான் முதலில் கத்தினார்கள். “டேய், கண்ணாடி வாங்கித் தரட்டுமா?” என்று ஒருவன். இன்னொருவன் சோளப்பொரிப் பையை எறிந்தான். இரண்டுக்கு இரண்டு ஆனதும் சத்தம் அடங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஏன் என்று தெரியவில்லை, நாங்கள் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. அதன் பிறகு கூட்டத்தில் எங்கோ ஒரு கைதட்டல். அடுத்த ஃபவுலுக்குக் கொஞ்சம் பெரிதாக. நாலுக்கு நாலில் கட்டடமே தட்டியது.

பாஸ் இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கேமராவுக்காக.

“என்னடா பண்றீங்க?”

“ஆடிக்கிட்டிருக்கோம் பாஸ்.”

“ஒரு பந்தும் விழலியேடா!”

“இன்னிக்குக் கை வரல பாஸ்,” என்றார் மாங் ஓஸ்திங்.

“எப்ப வரும்?”

மாங் ஓஸ்திங் என்னைப் பார்த்தார். செயலாளர் நான்தானே. “ஒப்பந்தத்தப் பத்திப் பேசினா வரும்னு தோணுது பாஸ்” என்றேன்.

விளக்குக் கோளாறு என்று அறிவித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று ஊரில் கேட்கிறார்கள். தெரிந்தால் எழுதுகிறேன்.

இமா டிவி பார்த்துவிட்டு மூன்று நாளாக எனக்கு ஈரல் சூப் வைத்துத் தருகிறாள்.

கிளேத்தோ


தம்மாம்,
10 ஜூலை 1997

கழுதை கிளேத்தோ,

உன் உடம்பைப் பற்றிக் கேட்க மாட்டேன், இனி எப்போதும் கேட்க மாட்டேன். உன் கடிதம் வரும்வரை நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இங்கே வழியில்லை, பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்தி ஒன்றைக் குளியலறையில் ஏற்றினேன். உனக்கு வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை!

கடிதத்தைக் கடைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். என் பக்கத்து மெஷின்காரி சுமியாத்தி, இந்தோனேசியாக்காரி, நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மறுபடி சொல் என்றாள்.

இரண்டு கேள்வி. மாங் ஓஸ்திங் அப்படிச் செய்யப் போகிறார் என்று உனக்கு ஒரு துளிகூடத் தெரியாதா? அவரை அப்புறம் கேட்டாயா? இரண்டாவது, பார்க்க மட்டும் போனவன் வெயிஸ்ட்கோட்டு ஏன் போட்டுக்கொண்டு போனாய்?

லீவு பற்றி இமா கேட்டால், சீசன் முடியட்டும் என்று சொல்.

உன் அச்சி


ஆங்கெலெஸ்,
4 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அச்சி,

மழை பிடித்துக்கொண்டது. எரிமலைச் சேறு இந்த வருஷம் நம் பக்கம் வராது என்கிறார்கள். வீட்டில் எல்லாரும் சுகம். இமா மட்டும், எந்த சீசன், அது எப்போது முடியும் என்று கேட்கச் சொன்னாள்.

மாங் ஓஸ்திங்கைக் கேட்டேன். மீன் வறுத்துக்கொண்டிருந்தார். “மாங் ஓஸ்திங், அன்னிக்கு உங்களுக்கு எப்பிடி அது தோணிச்சு?” என்றேன்.

“எதுடா?”

“அந்த மொத ஃபவுல்.”

“எனக்குப் பந்தே தெரியலடா. வெளக்கு நேரா கண்ணுல அடிச்சுது, ஒன்னாம் பந்து ரெண்டாத் தெரிஞ்சுது. தப்பான ஒன்ன அடிச்சேன். நீ எதுக்குத் திருப்பி ஃபவுல் போட்டே? எனக்கு அதுதான் புரியல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, மீனைத் திருப்பிப் போட்டார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமா? “அப்ப ரெண்டாவது?” என்று கேட்டேன். “நீ போட்டியே, வயசுப் பையன், ஏதோ யோசன வச்சிருக்கான்னு நானும் போட்டேன்” என்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நம்பி ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம்.

வேறு இடத்தில் ஆடக் கூடாது என்ற விதியை பாஸ் எடுத்துவிட்டார். பரிசில் அவர் எடுக்கிற பாதி இனி மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அடுத்த போட்டிக்கு மாங் ஓஸ்திங்கை அழைக்கவில்லை, வயதாகிவிட்டதாம். அவர் இல்லாவிட்டால் நாங்கள் ஆடுவதா? பாதிப் பேர் ஆடலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். அவரைக் கேட்டால், “என் சமையலுக்குக் கூட்டம் வருது, போங்கடா” என்கிறார்.

வெயிஸ்ட்கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மரிலு அன்று அதை நன்றாக இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கிளேத்தோ


ஆங்கெலெஸ்,
5 அக்டோபர் 1997

அச்சி,

நீ சுகமா? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. அல்கோபரிலிருந்து வந்த ஒரு நர்ஸ், உங்கள் தையல்கடையில் ஏதோ தகராறு, போலீஸ் வந்தது என்கிறாள். இன்னொருத்தி கடை மூடிவிட்டது என்கிறாள். இன்னொருத்தி, அங்கே வெளியே கேட்குமளவு மெஷின் சத்தம், ஆனால் கவுன் ஒன்றும் வருவதில்லை என்று உளறுகிறாள். எதை நம்புவது? இமாவிடம் தபால் வேலைநிறுத்தம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு வரி எழுது.

கிளேத்தோ


தம்மாம்,
2 நவம்பர் 1997

அன்புத் தம்பி கிளேத்தோ,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் இமாவிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

இந்தக் கடிதம் ஊருக்கு வருகிற ஒரு நர்ஸின் கைப்பையில் வருகிறது. அதனால் எழுதுகிறேன். இத்தனை நாள் என் கடிதங்களைக் கடைக் கணக்குப்பிள்ளை பிரித்துப் படித்துத்தான் அனுப்பினான். அவன் நம் பம்பாங்காக்காரன், நம் மொழி தெரிந்தவன். என்ன எழுதுவது நான்?

மூன்று வருஷமாக எங்கள் எட்டுப் பேருக்கும் லீவு இல்லை. முதலாளி அபூ நாயிஃப் பாஸ்போர்ட்டுகளை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் ஒப்புக்கொள்ளாமல் இந்த நாட்டைவிட்டு வெளியேற முடியாது. கேட்டபோதெல்லாம், “சீசன் முடியட்டும்.” இங்கே யாராவது எப்போதும் கல்யாணம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஜூலையில் வெள்ளிக்கிழமை ஓய்வையும் எடுத்துவிட்டார். நான் ஷேக்கைக் கட்டிக்கொள்ளவில்லை என்று இமாவிடம் சொல். பணம் பெரிதாகிவிட்டது என்ற பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் படித்துப் பெரிய திட்டம் போட்டேன் என்று நினைக்காதே. செப்டம்பரில் ஒரு காலை என் மெஷினில் நூல் அறுந்தது, தானாகத்தான். திரும்பக் கோக்க ஊசியைப் பார்த்தேன். கோக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். பெடலை மிதித்தேன். வெறும் ஊசி வெள்ளைச் சாட்டினில் ஓடியது. சுமியாத்தி பார்த்துவிட்டு, “அக்கா, நூல் இல்ல, நூல் இல்ல” என்று கை காட்டினாள். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அப்புறம் குனிந்து தன் நூலை உருவினாள். அவள் எதை நினைத்து உருவினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் எட்டு மெஷினும் அப்படித்தான். என்ன சத்தம் தெரியுமா! முன்னறையில் அபூ நாயிஃப் காப்பி குடித்துக்கொண்டு, வேலை மும்முரம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். நாலு நாள் அப்படிச் சந்தோஷமாக இருந்தார். ஐந்தாம் நாள் ஒரு மணப்பெண்ணின் தாய் வந்து கவுன் கேட்டாள். அபூ நாயிஃப் உள்ளே வந்து ஒரு கவுனைத் தூக்கினார். கையோடு துண்டு துண்டாக வந்தது.

“பெட்டா, இது என்ன?”

“தெரியல பாபா. மெஷின் ஓடுது, பாருங்க.”

கத்தினார். போலீஸைக் கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிட்டார். வந்தவர் எட்டு மெஷினும் ஓடுவதைப் பார்த்து, “வேலதான செய்றாங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மணப்பெண்ணின் தாய் மட்டும் போகவில்லை. வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டாள். முதலாளியிடம் அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குப் புரியவில்லை, வேகமான அரபி.

இப்போது வெள்ளிக்கிழமை திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொருவராக லீவு. சுமியாத்தி டிசம்பரில் போகிறாள். முதல் ஆள் நான்.

என் விஷயம்தான் புரியவில்லை. நேற்று அபூ நாயிஃப் என்னை முன்னறைக்கு அழைத்தார். பாஸ்போர்ட்டை மேசைமேல் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல், “போ, பெட்டா. போ” என்றார். அவ்வளவுதான். லீவில் போய் வா என்றாரா, தொலைந்து போ என்றாரா? கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மகள் பிறந்தபோதும் அதே குரலில்தான் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். திரும்பி வருவாய் என்று உன் மெஷினுக்கு உறை போடுவதா, உன் கத்தரிக்கோலையும் கட்டிக் கொடுப்பதா என்று பெண்கள் என்னைக் கேட்கிறார்கள்.

மாங் ஓஸ்திங்குக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்ததோ என்னவோ. அவர் இல்லாமல் நீங்கள் ஆடுகிறீர்களா என்று நீ எழுதவில்லை. வந்து தெரிந்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணிலாவில் இறங்குகிறேன். இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம், நான் இங்கே திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. முதலாளி பேசும்போது கடை ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு அரபி நன்றாகத் தெரியும், அந்தப் ‘போ’வுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். விமான நிலையத்துக்கு அவர்தான் என்னைக் கொண்டு விடுகிறார். முக்கால் மணி நேரப் பாதை. வழியெல்லாம் அவரிடம் வெயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வருகிறேன்,
பெட்டாங்